அனுப்பியாச்சு

அம்மா போய்ப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மகளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்திருந்தாலாவது தேவலை. மரக்கட்டை மாதிரி அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, கட்டில் காலோடு கட்டியிருந்த சின்னப் பெட்டியைத் தன் லேப்டாப்போடு இணைத்தாள்.

பெட்டி அவள் செய்ததுதான். தலைமாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இருவர் போனுக்கும் 'அம்மா கூப்பிடுறாங்க' என்று செய்தி போகும். உள்ளே ஓடுவது சி மொழியில் எழுதிய புரோகிராம். அது தானாக எதையும் அனுப்பாது. கட்டளைகளை ஓட்டுவதற்கென்றே பெட்டிக்குள் இருக்கும் ஷெல் என்ற இன்னொரு புரோகிராமைக் கூப்பிட்டு, 'இந்தக் கட்டளையை ஓட்டு' என்று சொல்லும், அவ்வளவுதான்.

"பொத்தான் கைக்கு எட்டுற தூரம்தான். அமுக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாங்க, கஷ்டப்படல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவனுக்குச் சோறு இறங்கியது. இப்போது அடுத்த அறையில் அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

பொத்தானை அமுக்கும்போதெல்லாம் பெட்டி எழுதிவைக்கும் பதிவை அவள் திறந்தாள். அம்மா போன அன்று காலை 10:12, அனுப்பியாச்சு. 10:19, அனுப்பியாச்சு. 10:41, அனுப்பியாச்சு.

அனுப்பியாச்சாமே! எங்கே அனுப்பித் தொலைத்தது? இரண்டு போனிலும் ஒன்றும் வரவில்லையே.

அதே கட்டளையைத் தன் எண்ணுக்கு மட்டும் கையால் அடித்துப் பார்த்தாள். போயிற்று. புரோகிராம் சொன்னால் மட்டும் ஏன் போகவில்லை? ஷெல் திருப்பிச் சொல்லும் பதிலை அவள் வாங்கவே இல்லை. ஓடியதா என்று கேட்காமலே 'அனுப்பியாச்சு' என்று எழுத வைத்திருந்தாள். இப்போது அந்தப் பதிலை வாங்கும்படி மாற்றி, பெட்டியை அணைத்து மறுபடி போட்டு, பொத்தானை அமுக்கினாள். 32512 என்று வந்தது. பதில் 256 மடங்காகத்தான் வரும்; வகுத்தால் 127. 'அப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது' என்று ஷெல் கைவிரிப்பது அது.

கட்டளையின் வெறும் பெயரைத்தான் எழுதியிருந்தாள், அது இருக்கும் இடத்தை எழுதவில்லை. அவளே லேப்டாப் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து புரோகிராமை ஓட்டினால், எங்கே தேடுவதென்று ஷெல்லுக்குத் தெரியும். பெட்டி தானாக விழித்தால் தெரியாது. மாட்டிய அன்று கையால் ஓட்டிவிட்டுப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தாள். "போதும்டி, பொத்தான் தேஞ்சிடும்" என்று அம்மா சிரித்தாள். ஒரே ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை, மகா கெட்டிக்காரி. அம்மா போவதற்கு முந்தின நாள் கரண்ட் போய் வந்தது, பெட்டி தானாக விழித்தது.

வயரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணன் நிம்மதியாக இருப்பான். ஆனால் கை வேறு வேலை பார்த்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி கட்டளை இருக்கும் இடத்தின் முழுப் பாதையையும் எழுதித் திருத்தியது. அணைத்துப் போட்டது. பழக்கதோஷத்தில் பொத்தானையும் அமுக்கியது. அண்ணன் எண்ணும் அதில் இருப்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

அடுத்த அறையில் போன் அடித்தது. அண்ணன் முகம் வெளிறி ஓடி வந்தான்.

"ஏய், அம்மா கூப்பிடுறாங்கன்னு வருது!"

"நான்தான் அமுக்கினேன்."

அவன் மூச்சு விட்டான். "அப்போ நல்லாத்தான் வேலை செய்யுது. நான்தான் சொன்னேனே, அம்மா அமுக்கல."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இப்போதான் செய்யுது அண்ணா. அன்னிக்கு செய்யல. தப்பு என்னோடது. அம்மா மூணு தடவை அமுக்கியிருக்காங்க."

அவன் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தான். பிறகு அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். 

"அன்னிக்குப் பத்தே முக்கால் வரைக்கும் போன் என் கையிலதான்டி இருந்துச்சு" என்றான்.