எட்டாவது தூண்

கல்முனைக்குத் தெற்கே வயலோரத்துப் பள்ளிவாசலின் எட்டாவது தூண் ஆதம்பாவா மரைக்கார். 1954ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பகலில் அவர் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கு முன் அவர் நிற்கும் இடத்தில் முதிரைமரத் தூண்தான் நின்றது. ஊரின் எட்டுக் குடிகளும் குடிக்கொரு தூண் கொடுத்திருந்தன. அந்தந்தத் தூண் அந்தந்தக் குடியின் தலைவரான மரைக்காரின் பொறுப்பு. வேலை செய்தவர்கள் காரைதீவில் கோயில் மரவேலை பார்த்த ஓடாவிகள். வாசலில் அரபு வளைவு வைத்தார்கள். உள்ளே தூண்களின் தலையில் தாமரைமொட்டுப் போதிகை வைத்தார்கள். போதிகை அலங்காரமல்ல. தூணின் தலையிலிருந்து இருபுறமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்கும் கட்டை அது. கை நீள நீள உத்தரம் வளைவது குறையும். கையின் நுனியைச் சதுரமாக விட்டால் கடற்காற்றில் வெடித்துவிடும் என்பதால் உருட்டி மொட்டாக்குவார்கள். இதை விளங்கிக்கொள்ள ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் போதும். ஆதம்பாவாவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. கொழும்புக் கலண்டர் ஒன்றில் குவிமாடத்தின் படத்தைப் பார்த்த நாள் முதல் அவர் கட்டடக்கலை அறிஞர்.

"கோயில் பூவுக்குக் கீழயா நாம தொழுற?" என்று கேட்டுத் தன் குடித்தூணின் போதிகையை அறுப்பித்தார். மற்ற ஏழு மரைக்கார்களும் என்ன ஆகிறதென்று பார்ப்பதற்காகத் தூரத்தில் நின்றார்கள். அவர்களுடைய வீரம் அவ்வளவுதான்.

போதிகை கழன்றதும் தூண் சேற்றில் கம்பு இறங்குவதுபோலத் தரைக்குள் போய்விட்டது. உத்தரம் ஆளுயரத்துக்குத் தாழ்ந்து, கீழே நின்ற ஆதம்பாவாவின் தொப்பியில் அமர்ந்தது. அவர் அசைந்தால் ஓடுகள் சரிந்தன, நின்றால் அடங்கின. குனிய முடியாதவர் சைகையால் தொழலாம் என்றார் தொழுகை நடத்தும் லெவ்வை. சோறு கொண்டுவந்த மனைவி சித்தி லைலா, "ஊட்டுக் கூரைய ஒருநாளும் ஏறிட்டுப் பார்க்காத மனிசன்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஓடாவி கந்தப்போடி வந்து முழக்கோலால் அளந்தார். "ஓம், சம்மதம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க மரைக்கார். ரெண்டு நாளையில மொட்டு வெச்சு உங்கள வெளிய எடுத்திருவன்."

"மொட்டில்லாமச் செய்யுங்க ஓடாவியார்."

"அது நுனி வெடிச்சு உத்தரம் உழும். பேந்து ஆரு பழி கேக்கிற? வெறுங்கட்டைதான் வேணுமெண்டா, அதுக்கு நீங்களே போதும்."

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஆதம்பாவாவின் வாயில் ஓம் வரவேயில்லை. ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் ஓடாவி வந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் இவர் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். 1957இல் வெள்ளம் நெஞ்சுமட்டம் ஏறியபோதும் எட்டுத் தூண்களில் ஒன்றும் அசையவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய குடி ஸைனுலாப்தீனைப் புது மரைக்காராகத் தெரிவுசெய்தது. ஒவ்வொரு பெருநாளுக்கு முன்னும் மற்ற மரைக்கார்கள் தங்கள் ஏழு தூண்களுக்கும் எண்ணெய் பூசுகிறார்கள். அன்றைக்கே ஸைனுலாப்தீன் வந்து ஆதம்பாவாவுக்குச் சட்டை மாற்றிவிடுகிறார்.