முதுகில் இரண்டு கொக்கி

"உடம்புல எங்கயாவது காயம் பட்டிருக்காம்மா உங்கப்பாவுக்கு?"

ஸ்ரீபெரும்புதூர் நர்சிங் ஹோமில் டாக்டர் இதை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். யாராவது பெயர் கேட்டால்கூட, லீலா என்று அம்மாதான் சொல்வாள். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்ல வாய் வராமல், ஊமச்சி என்ற பட்டப்பெயரோடு ஒன்பதாவதில் நின்றுபோனவள் நான்.

"காயம்லாம் கெடையாது சார். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கெளம்பி, கம்பெனி பஸ்ல ஏறும்போதே நெஞ்சப் புடிச்சிக்கினு குந்திட்டாரு" என்றாள் அம்மா.

அப்பா மல்லாந்து கிடந்தார். சட்டையெல்லாம் வியர்வை. இதயத்துக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, கரைக்கிற மருந்தைச் சீக்கிரம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் அது அடைப்பை மட்டும் கரைக்காது. எங்கே புண் இருந்தாலும் அங்கே ரத்தம் நிற்காதாம்.

அம்மா பொய் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை பென்னலூர் அம்மன் கோவில் ஆடித் திருவிழாவில், அப்பா முதுகில் இரண்டு கொக்கி போட்டுத் தேர் இழுத்தார். அம்மாவுக்கு அது காயம் இல்லை. சுத்தமாக விரதம் இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் வராது என்று ஊரே சொல்லும். கொக்கியைக் கழற்றி விபூதி அப்பியபோது வரவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. பனியனை நான்தான் அலசினேன். சிவந்த தண்ணீரை அம்மா சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, "யாராண்டயும் சொல்லிடாத. உனக்காவ வேண்டிக்கினது, பலிக்காம பூடும்" என்றாள். நான் நாலு பேரிடம் வாய் திறந்து பேச வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

நர்ஸ் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"முதுகுல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "முதுகுல கீது சார். கொக்கி போட்டது. ரத்தம் வந்துச்சு."

அம்மாவின் பிடி விட்டது.

டாக்டர் திட்டவில்லை. அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விபூதியைத் துடைத்துப் பார்த்தார். மேலோட்டமான புண்தான், அழுத்திக் கட்டிவிட்டு ஏற்றலாம், ஆனால் தெரியாமல் ஏற்றியிருந்தால் படுக்கை நனைந்த பிறகுதான் கவனித்திருப்போம் என்றார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. அப்பா லேசாகக் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினார்.

"நம்ம லீலாவா பேசுச்சு?"

அம்மா கட்டு நழுவியிருக்கிறதா என்று அவர் முதுகுக்கடியில் கையை விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. நர்ஸ் பஞ்சை நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. கோவிலில் குங்குமம் வாங்கியவள்போல விரல்களை மூடிக்கொண்டாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.