பொதுக் குப்பைக் கூடை

"சிகப்பிக்கு நீங்க அம்மாவா?"

அரியக்குடிக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி கேட்டாள். நாகம்மைக்குப் பாயசம் இறங்கவில்லை. சிகப்பி அவள் கொழுந்தன் பெண்டாட்டி. வயதில் மூன்றே வருஷம் இளையவள்.

அன்றிலிருந்து நாகம்மையின் கண் அவளை விட்டு நகரவில்லை. மூட்டு வலிக்கிறது என்று முனகுவதில்லை, மாடிப்படியில் மூச்சு வாங்குவதில்லை. அப்படி என்னதான் தின்கிறாள்? நேரில் கேட்டால் கௌரவம் போய்விடும். காரைக்குடியில் அவர்கள் வீட்டில், செட்டிநாட்டு வழக்கப்படி, மகன்களுக்குக் கல்யாணம் ஆனதுமே சமையலைப் பிரித்துவிட்டார்கள். வீடு ஒன்று, அடுப்பு ரெண்டு. குப்பைக் கூடை மட்டும் பொது.

அதில்தான் துப்புக் கிடைத்தது. வைட்டமின் டி பொடிப் பாக்கெட்டின் காலி உறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் புதிதாக ஒன்று கிடந்தது.

'அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாளா? நான் தினமும்.'

மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுக் கேட்கவில்லை. நாகம்மை தினமும் பாலில் கலந்து குடித்தாள். தன் காலி உறைகளைக் கைப்பைக்குள் ஒளித்துப் போய் பஸ் ஸ்டாண்டில் போட்டாள்.

சில மாதத்தில் குமட்டல், மலச்சிக்கல், எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். சத்து பிடிக்கிறது என்று தேற்றிக்கொண்டாள். கிறுகிறுத்து விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தது சிகப்பிதான்.

"ரத்தத்துல கால்சியம் ஏறிக் கிடக்கு, கிட்னி திணறுது," என்றார் டாக்டர். "சத்து மாத்திரை எதுவும் எடுத்தீங்களா?"

சிகப்பி கட்டிலருகே நின்றாள். "இல்லை," என்றாள் நாகம்மை.

"மறைச்சீங்கன்னா கிட்னிக்குத்தான் ஆபத்து."

நாகம்மை சுவரைப் பார்த்துச் சொன்னாள். "வைட்டமின் டி. தினம் ஒரு பாக்கெட். இவளுந்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திங்கிறா. இவளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நானா?" சிகப்பி விழித்தாள். "எங்க டாக்டர் எனக்கு வாரம் ஒண்ணுதான் எழுதினாரு, ஆச்சி. மத்தது அவுகளுக்கும் பிள்ளைகளுக்கும். ஆளுக்கொரு கிழமை."

"அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்," என்றார் டாக்டர். "மிஞ்சின வைட்டமின் டி சிறுநீர்ல போகாது, கொழுப்புல தங்கி கால்சியத்தை ஏத்திக்கிட்டே இருக்கும். இன்னைக்கு நிறுத்தினாலும் இறங்க மாசக்கணக்காகும்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"குப்பையவா கிளறினீக?" சிகப்பியின் குரல் தணிந்திருந்தது. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

நாகம்மை சலைன் சொட்டுவதைப் பார்த்தாள். பிறகு சிகப்பியின் கன்னத்தை.

"அப்ப, வாரம் ஒண்ணுலயேவா மூஞ்சி இப்படி மினுங்குது?"

சிகப்பி கஞ்சி ஃபிளாஸ்கை மேசைமேல் வைத்தாள். கட்டிலடியில் இருந்த குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.