வலது உள்ளங்கால்

பஞ்சவர்ணம் துணியை விலக்கி, காலையில் பிறந்த பேத்தியின் வலது உள்ளங்காலைப் பார்த்தாள். கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. "அழகேசா, வந்துட்டியாடா" என்றவள் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மருமகள் பிரவீணாவுக்கு, தையல் போட்ட வலியைவிட அந்த வார்த்தைதான் சுருக்கென்றது.

நாலு மாதத்துக்கு முன்பு அவள் கொழுந்தன் அழகேசன் கொள்ளிடத்தில் குளிக்கப் போய்ச் சுழலில் சிக்கி இறந்தான். இருபத்து மூன்று வயது. விக்கிரமங்கலத்து வீட்டில் பாடையைத் தூக்குவதற்கு முன், பஞ்சவர்ணம் அடுப்புக்கரியைக் குழைத்து மகனின் வலது உள்ளங்காலில் அழுத்தித் தடவினாள். போன உயிர் அந்த அடையாளத்தோடு அதே வீட்டில் வந்து பிறக்கும் என்பது அவள் பிறந்தகத்து நம்பிக்கை. காரியத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், உயிர் ஒரு வாடகைக் குடித்தனக்காரன், ஒரு வீட்டைக் காலி செய்தால் இன்னொரு வீட்டுக்குப் போகும், பழைய வீட்டுச் சொந்தமெல்லாம் அதற்கு நினைவிருக்காது, அம்மா பிள்ளை என்பதே மாயை என்றார். பஞ்சவர்ணம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பிரவீணாவின் வயிறு அவளுடையதாக இல்லை. அழகேசனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு அவள் தட்டில் விழுந்தது. அவன் வந்தால் அவன் விதியும் கூடவே வருமோ என்று அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

ஆனால் காலில் இருந்தது வெறும் மை. நர்ஸ் கேஸ் ஷீட்டில் குழந்தையின் கால்தடம் எடுத்ததை பிரவீணா கண்ணாலேயே பார்த்திருந்தாள். துடைத்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் கணவன் ரஞ்சித்குமாரிடம் அதைச் சொன்னாள். அவனுக்கும் தெரிந்திருந்தது.

"விட்டுரு பிரவீ. இன்னிக்குத்தான் அம்மா ரெண்டு இட்லிய முழுசா தின்னுருக்கு."

"நாளைக்குக் குளிப்பாட்டுனா போயிரும்ல. அப்ப ஒங்க தம்பி இன்னொரு தடவ சாவணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கறையைப் பார்த்தபோது தம்பி வந்துவிட்டதாகத் தனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது என்றான். பிரவீணா அவன் தலையைக் கோதிக்கொடுத்தாள். ஆனாலும் மாமியாரிடம் சொல்லிவிடுவது என்ற முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

பஞ்சவர்ணம் பிளாஸ்க்கோடு வந்தாள். குழந்தைக்கு அழகேஸ்வரி என்று பேர் வைக்கணும், ஆத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிரவீணா பஞ்சை வெந்நீரில் நனைத்து, சூடு ஆறும்வரை கையில் வைத்திருந்தாள். இதற்கப்புறம் இந்த மனுஷி தன் முகத்தில் விழிப்பாளா என்று தெரியவில்லை.

"அத்தே, அது ஆஸ்பத்திரி மை. நீங்களே துடைச்சுப் பாருங்க."

"போடி. எங் கையால வச்சது, எப்படிப் போவும்?"

பஞ்சவர்ணம் சிரித்தபடியே பஞ்சை வாங்கித் தேய்த்தாள். பஞ்சு கறுத்தது. இன்னொரு தடவை தேய்த்தாள். பிறகு கட்டைவிரலால் தேய்த்தாள். உள்ளங்கால் ரோஜா நிறத்தில் வெறுமனே இருந்தது.

ரஞ்சித்குமார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"அப்ப அவன் எங்கடி இருப்பான்?"

"தெரியலங்கத்தே."

மகனின் பிணத்தருகே கூட அழாமல் கரி குழைத்தவள், இப்போது வாய்விட்டு அழுதாள். பிரவீணா எட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் கையை உதறவில்லை. சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டது. கொஞ்ச நேரம் இரண்டு அழுகையும் சேர்ந்தே கேட்டன.

பஞ்சவர்ணம்தான் முதலில் நிறுத்தினாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கி நீட்டினாள்.

"இந்தா, ஓம் மவளுக்குப் பசிக்குது. பால் குடு."