பயம் போதவில்லை

என் கதாநாயகியை நான் மூன்று முறை கிணற்றில் தள்ளியிருக்கிறேன். இரண்டு முறை தீப்பிடித்த வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பிரேக் பிடிக்காத வண்டியில் எத்தனை தடவை ஏற்றினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. செல்போனில் கேட்கிற ஒலித்தொடர் என்னுடையது, தினம் பன்னிரண்டு நிமிடம். பதினோராவது நிமிடத்தில் அவள் உயிர் ஊசலாட வேண்டும், பன்னிரண்டில் அலற வேண்டும், அங்கே நிறுத்திவிடுவேன். மறுநாள் முதல் நிமிடத்திலேயே தப்பித்துவிடுவாள். ஆறு மாதமாக இதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் செய்துவந்தேன்.

அவளுக்குக் குரல் கொடுப்பது என் தங்கை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். படுக்கையறையை ஒட்டித் துணி வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அதன் சுவர்களில் பழைய கம்பளிகளை அடித்து, உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, போனிலேயே பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். நான் கேட்டுவிட்டு ‘சரி’ என்றோ ‘மறுபடியும்’ என்றோ பதில் போடுவேன். எங்கள் தொழில் அவ்வளவுதான்.

அந்த வாரம் எங்களுக்குள் சண்டை. தொடரை வெட்டி ஒட்டுகிறவர், நாங்கள் ‘கத்தரி’ என்று கூப்பிடும் ஆள், ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். கேட்பவர்கள் எந்த நிமிடத்தில் விலகுகிறார்கள் என்பதைக் காட்டும் கோடு அது. பதினோராவது நிமிடத்தில் தலைகுப்புற விழுந்து கிடந்தது. பாவி மக்கள், அவள் சாகப்போகிற நேரமாகப் பார்த்து எழுந்து போய்விடுகிறார்கள். ஆபத்து போதவில்லை, இன்னும் ஏற்றுவோம் என்றேன் நான். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவ சாகமாட்டான்னு எல்லாருக்கும் தெரியும்க்கா. ஒரு நாளாவது அவளை நிம்மதியா உக்கார விடு. அப்புறம் ஒரு கதவு லேசா அசையட்டும். அப்பத்தான் எனக்கே பயம் வரும்.”

எனக்குச் சுருக்கென்றது. எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாசிக்கிற வேலையைப் பார் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“அக்கா, வாசக்கதவு திறந்திருக்கு. நான் பூட்டிட்டுத்தான் குளிக்கப் போனேன்.”

குரலில் நடுக்கமே இல்லை. பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோல் சொல்லியிருந்தாள். கதையிலும் கதாநாயகிக்கு ஓர் அக்கா உண்டு. ஆகவே, தான் சொன்னதுதான் சரி என்று காட்ட இவளே வசனம் எழுதிப் பேசி அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ‘பயம் போதவில்லை. மறுபடியும்’ என்று அனுப்பிவிட்டுக் காபி கலக்கப் போனேன்.

ஐந்து நிமிடத்தில் இன்னொன்று வந்தது. ஒன்பது விநாடி. பேச்சே இல்லை. அடக்கிய மூச்சு மட்டும், பிறகு எங்கோ தள்ளி மேஜை இழுப்பறையை இழுக்கிற சத்தம், சாமான்கள் தரையில் கொட்டுகிற சத்தம். பரவாயில்லையே, சத்தமெல்லாம் சேர்க்கிறாளே என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுபடி போட்டுக் கேட்டேன். நடிக்கும்போது அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள், கேட்கிறவர்களுக்குக் கேட்க வேண்டுமே. இதில் மூக்கையும் வாயையும் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். மேஜை இருப்பது வெளி அறையில். மூச்சில் எதிரொலியே இல்லை, இவள் கம்பளி அறைக்குள் இருக்கிறாள். அப்படியென்றால் இழுப்பறையை இழுப்பது யார்?

போன் செய்யப் போன விரலை உடனே இழுத்துக்கொண்டேன். நாற்பதாவது பகுதியில், ஒளிந்திருந்தவளைப் போன் மணியை அடிக்கவிட்டுத்தான் நான் காட்டிக்கொடுத்திருந்தேன். போலீசுக்குச் சொன்னேன். வீட்டு எண்ணைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

தெரு எப்போதும்போல் இருந்தது. யாரோ வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்கள், யாரோ துணி உலர்த்தினார்கள். எழுத்தில் என்றால் குறுக்கே ஒரு லாரியை நிறுத்தியிருப்பேன். எதுவுமே குறுக்கே வரவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தார். மேலே ஏதாவது சத்தம் கேட்டதா என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

“கேட்டுச்சே. மூணு தடவ கத்துனா. இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா,” என்றார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் வாரம் அலறல் கேட்டதும் பதறிக்கொண்டு மேலே ஓடிவந்தவர்தான் அவர். இது வேலைம்மா, இனிமேல் வராதீங்க என்று சிரித்துத் திருப்பி அனுப்பியது நாங்கள். என் தங்கை இன்று நிஜமாகவே கத்தியிருக்கிறாள். எவ்வளவு கத்தினாலும் யாரும் வராத வீடு இது என்று உள்ளே வந்தவனுக்கும் தெரிந்துபோயிருக்கிறது. அதனால்தான் அவன் ஓடாமல், நிதானமாக இழுப்பறைகளை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

போலீஸ் வரக் காத்திராமல் படியேறினேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூலையில் கிடந்த குடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். நான் எழுதுகிறவள், ஆளை எங்கெல்லாம் நிறுத்தலாம் என்று எனக்குத் தெரியும். எங்கும் இல்லை. பின்படிக்கட்டுக்குப் போகிற கதவு விரியத் திறந்து கிடந்தது. தரையெல்லாம் சாமான், நடுவில் அவளுடைய ஈரக் காலடிகள் மட்டும் கம்பளி அறை வரை போயிருந்தன.

தட்டினேன். பதில் இல்லை. செத்துப்போயிருப்பாளோ என்று நினைத்தபோது குடை கையிலிருந்து நழுவியது. நான்தான்டி, அக்காடி என்றேன். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து கம்மிய குரல் வந்தது.

“அக்கா, உன் பின்னாடி யாரு?”

திரும்பிப் பார்த்தேன். காலி அறை, திறந்த வாசல், வெயில்.

“யாரும் இல்லடி. அவன் போயிட்டான். வெளிய வா.”

கதவில் காதை வைத்தேன்.

“நீ எப்பவும் இப்படித்தானே எழுதுவ,” என்றாள்.

ஆமாம், இப்படித்தான் எழுதுவேன். யாரும் இல்லை, வெளியே வா என்று அக்கா சொல்வாள். கதாநாயகி நம்பிக் கதவைத் திறப்பாள். எதிரே அவன் நிற்பான். எத்தனையோ தடவை திறக்க வைத்திருக்கிறேன், அத்தனை தடவையும் என் தங்கைதான் அதற்கு அலறியிருக்கிறாள். கெஞ்சினேன். அம்மா மேல் சத்தியம் செய்தேன். சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லி அழுதேன். தாழ்ப்பாள் அசையவில்லை.

கடைசியில் படிக்கட்டுக்குப் போய்த் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவருகே நின்று, யாரும் இல்லைம்மா, நான் பார்த்துட்டேன் என்றார். உடனே தாழ்ப்பாள் விலகியது. ஈரத் தலையோடு வெளியே வந்தவள் என்னைத் தாண்டிப் போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.