மிக்ஸி ஓட்டுகிறவர்கள் வரவும்

"இந்த மிக்ஸியை உங்க வீட்ல யார் ஓட்றாங்களோ, அவங்கள வரச் சொல்லுங்க. இப்பவே."

இதை மட்டும் கேட்கக்கூடாது என்று எனக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடக்கிப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. நீரஜா ஆன்ட்டி கையில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அடுத்த மேசையில் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த சாய்நாத் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என் தோழி மதுவந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மதுவந்தியால்தான் நான் இங்கே வந்தேன். நாங்கள் இரண்டு பேரும் கிண்டி எஸ்டேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறோம். மயிலாப்பூரில் முப்பத்திரண்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் அவள் வீடு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பிளக்குக்குப் பக்கத்தில் வயர் அறுந்துபோனதற்காக அவள் அம்மா கிரைண்டரையே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளக் மாற்றத் தெரியாத வீட்டில் இரண்டு இன்ஜினியர்கள் எதற்கு என்று கேட்டேன். அவளும் அவள் அண்ணனும்தான் அந்த இரண்டு பேர். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் நீயே வந்து சொல்லிக்கொடு என்றாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறு பத்து மணிக்கு, அடுக்ககத்தின் கீழ்த்தள ஹாலில், வருகிற வீட்டுக்காரர்களுக்கெல்லாம் வகுப்பு. நான் எதையும் ரிப்பேர் செய்து தர மாட்டேன், அவரவர் பொருளை அவரவர்தான் பிரிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். கல்லூரியில் நாலு வருஷம் மூன்று ஃபேஸ் மோட்டாரைப் போர்டில் வரைந்தார்களே தவிர, ஒரு வீட்டு மிக்ஸியை யாரும் எங்கள் முன்னால் கழற்றிக் காட்டியதில்லை. இண்டக்ஷன் அடுப்பை நான் முதன்முதலாகத் திறந்ததே அந்த ஹாலில்தான். ஆறு பேர் சேர்ந்து குனிந்து பார்த்தோம். உள்ளே ஒரு கரப்பான் குடும்பம் இருந்தது. ஆறு பேரும் சேர்ந்தே ஓடினோம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். திறப்பதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும். கழற்றிய ஸ்க்ரூவை வரிசையாக இட்லித் தட்டுக் குழிகளில் போட வேண்டும். முதலில் எதைக் கழற்றினோமோ அது முதல் குழி. பிரித்ததை மறுபடி மூட்டியதும் நேராக பிளக் பாயிண்டில் செருகாமல், கரண்ட் ஒரு பல்பு வழியாகப் போகும்படி நான் செய்து கொண்டுவந்த சீரிஸ் பல்பு பலகையில் போட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், ஃபியூஸ் போகாது. இவ்வளவுதான் பாடம். இவ்வளவுக்கே ஜனங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ரிட்டயரான பேங்க் மேனேஜர் சாய்நாத் சார், தான் மாற்றிய பிளக்கை லிஃப்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

ஹாலைத் தந்தவர் அசோசியேஷன் செயலாளர் ஸ்ரீரங்கன் சார். மேசை, ஃபேன், காபி என்று எதிலும் குறை வைக்கவில்லை. எது கேட்டாலும் சரி என்பார், ஆனால் வீட்டு வேலைக்கு வருகிறவர்களை ஹாலில் உட்காரவைக்கும் பேச்சை மட்டும் எடுத்துவிடாதே என்று மதுவந்தி எச்சரித்திருந்தாள். போன நவராத்திரியில் யாரோ கேட்டுப் பெரிய சண்டையாகிவிட்டதாம். ஹாலைப் பெருக்க வரலாம், உட்கார வரக்கூடாது, அதுதான் வழக்கம். என் அப்பா தி.நகர் துணிக்கடையில் இருபத்தாறு வருஷமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவர். பெரிய இடத்தில் போய் வாயைக் கொடுக்காதே என்று அவரும் தன் பங்குக்குச் சொல்லி அனுப்பினார். வீட்டில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கிற அறிவுரையெல்லாம் வாயைப் பற்றித்தான்.

நீரஜா ஆன்ட்டியின் மிக்ஸி பாதியில் நின்றுவிடுகிறது என்று முதல் வாரமே வந்தது. கழற்றினோம். வயர், ஸ்விட்ச் எல்லாம் நன்றாக இருந்தன. மேலே ஒன்றும் வைக்காமல் பத்து நிமிஷம் ஓட்டினோம், ஓடியது. கை தட்டினார்கள். திங்கட்கிழமை நின்றுவிட்டது. இரண்டாவது வாரம் மோட்டாருக்குள் தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ் புதிதாக வாங்கிவரச் சொல்லி மாற்றினோம். மறுபடி கைதட்டல், செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். என்ன அரைக்கும்போது நிற்கிறது? நிற்பதற்கு முன் சத்தம் மாறுகிறதா? எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது? ஆன்ட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில் தான் நாகேஸ்வர ராவ் பார்க்கில் நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பக்கத்தில் வாஷிங் மெஷின் போட்டோவோடு உட்கார்ந்திருந்தவருக்கு, தண்ணீர் முன்னால் ஒழுகுகிறதா பின்னால் ஒழுகுகிறதா என்று தெரியவில்லை. ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். பளபளவென்று துடைத்து வைத்த ஒன்பது மெஷின்கள். அவற்றைத் தினமும் ஓட்டுகிறவர் ஒருத்தர்கூட அங்கே இல்லை.

அப்போதுதான் அதைக் கேட்டேன்.

நீரஜா ஆன்ட்டி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார். மூன்றாவது மாடியில் அவர் வீட்டுத் துணியை உலர்த்திக்கொண்டிருந்த தேவானை அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, வாசல் மிதியடியோடு நின்றுகொண்டார். நாற்பது வயதிருக்கும். ஏதோ திருட்டுக்கு விசாரிக்கக் கூப்பிட்டதுபோல முகம். மிக்ஸி எப்போது நிற்கிறது என்று கேட்டேன்.

"பெரிய ஜாருல மாவு ஆட்டுனா நல்லாத்தான் ஓடுது. சட்னி ஜாரு வச்சாதான் உறுமிக்கினு நின்னுபூடும். அடியில செவப்பு பட்டன் ஒண்ணு கீது பாரு, அத்த அமுக்கினா மறுபடி ஓடும். தெனம் மூணு வாட்டி அமுக்கறேன்."

ஏன் இதைச் சொல்லவில்லை என்று நீரஜா ஆன்ட்டி கேட்டார்.

"மிக்ஸிய இன்னா பண்ணேன்னுதான் கேட்டீங்க. மிக்ஸிக்கு இன்னான்னு கேக்கலையேம்மா."

சாய்நாத் சார்தான் முதலில் சிரித்தார். பிறகு நீரஜா ஆன்ட்டியும் சிரித்துவிட்டார்.

சட்னி ஜார் மாடியிலிருந்து வந்தது. பிளேடை விரலால் தள்ளினேன், லேசில் அசையவில்லை. இறுகிப்போன பிளேடைச் சுற்ற முடியாமல் மோட்டார் திணறியிருக்கிறது. எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாக நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தது நல்ல மோட்டாரை. ஜார் என்பது அவர்களுக்குப் பாத்திரம், அதை யாரும் மெஷினோடு சேர்த்தே நினைக்கவில்லை. எனக்கும் அதே கதிதான். மோட்டாரைச் சுமை ஏற்றாமல் டெஸ்ட் செய்துவிட்டு ஓகே போடுகிற ஜூனியரைக் கம்பெனியில் நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். அதைச் சொன்னேன். மதுவந்திக்கு அன்று முழுக்க என்னைக் கிண்டல் செய்ய அதுவே போதுமானதாக இருந்தது.

ஜாரைப் பிரிக்க தேவானை அக்காவை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. அண்ணாந்து பார்த்துத் தனக்குக் கழுத்து வலிக்கிறது என்று சொல்லி நீரஜா ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா அதன் விளிம்பில் உட்கார்ந்தார். பிளேடைத் துணியால் பிடித்துக்கொண்டு அடியில் உள்ள சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன். வருஷக்கணக்கில் துணி பிழிந்த கை, ஒரே திருப்பில் கழன்றது. உள்ளே தேங்காய்ச் சக்கை கறுத்துக் கல்லாகியிருந்தது. சுரண்டிக் கழுவி, வாஷரை மாற்றி, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு மூட்டினார். பிளேடு விசிறி மாதிரி சுற்றியது. சோதித்துப் பார்க்க அங்கேயே சட்னி அரைத்தோம். ஹாலில் இருந்த அத்தனை பேரும் கையில் வாங்கி நக்கினோம். உப்பு மட்டும் போடவில்லை.

அடுத்த வாரம் நான்கு பெண்கள் வந்தார்கள். ஐந்தாவது மாடியில் சமைக்கிற அன்வரி பேகம், ரைஸ் குக்கர் பிளக் சூடாவதைத் தொட்டே கண்டுபிடித்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். சாய்நாத் சாரின் இஸ்திரிப் பெட்டி ஏன் விட்டுவிட்டுச் சுடுகிறது என்று தேவானை அக்கா வயரை ஆட்டிப் பார்த்துச் சொன்னார். சூட்டோட சூடா வயரைப் பெட்டி மேல சுத்தி வச்சா அது இன்னா சார் பண்ணும், உன் கழுத்தத் தெனம் அப்படித் திருவிப் பாரு என்றார். சார் கழுத்தைத் தடவிக்கொண்டார். அதற்கு முன்பு அந்த ஹாலில் பாடம் நடந்தது, இப்போதுதான் கூத்து நடந்தது. வீட்டுக்காரரும் வேலை செய்கிறவரும் ஒரே மெஷினை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, நீ சொன்னது தப்பு, நான் சொன்னதுதான் சரி என்று சண்டை போட்டார்கள். ஜெயித்தது பெரும்பாலும் வேலை செய்கிறவர்தான்.

ஐந்தாவது வாரம் தேவானை அக்கா தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டாரைப் பிரிக்கக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். அவர் இருப்பது மந்தைவெளிப் பக்கம் ஹவுசிங் போர்டில். பிளாக்கில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு ஃபேன் மூலையில் கிடக்கிறதாம், கற்றுக்கொண்டால் தானே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவாராம். அன்று பாதி பிரித்து, பெயர் எழுதி அலமாரியில் வைத்தோம். அன்று சாயங்காலமே அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், ஹால் நம் வீட்டுச் சாமான்களுக்கா ஊர்ச் சாமான்களுக்கா என்று ஒருத்தர் எழுதியிருப்பதாக மதுவந்தி காட்டினாள். கீழே பதினொரு கட்டைவிரல்.

ஆறாவது வாரம் ஒன்பதரைக்கு ஸ்ரீரங்கன் சார் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். காபி கொடுத்தார். எங்கள் வகுப்பைப் பற்றிப் புகழ்ந்தார். கோபாலபுரத்திலும் திருவான்மியூரிலும் தன் நண்பர்களின் அடுக்ககங்களில் கேட்கிறார்களாம், என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் ஒரு பாராட்டுக் கடிதம் தருவதாகவும், வருஷம் முழுக்க ஹால் உண்டு என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டு வேலைக்கு வரவா வரட்டும், ஜெயபாரதி. நான் வேண்டாங்கல. என்ன ப்ராப்ளம்னு சொல்லட்டும், சொல்லிட்டுப் போகட்டும். டூல்ஸ் மட்டும் மெம்பர்ஸ் கையில இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?"

மூன்று வாரமாக மெம்பர்ஸ் கண்டுபிடிக்காததை தேவானை அக்காதான் ஒரு நிமிஷத்தில் சொன்னார் என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன். சொல்லட்டும்."

கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். தேவானை அக்காவின் ஃபேன் என்ன ஆகும் என்று கேட்டேன். அதை இன்றைக்கு முடித்துக் கொடுத்து நல்லபடியாக அனுப்பிவிடலாம் என்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹால் தெரிந்தது. தேவானை அக்கா சீக்கிரமே வந்து, அலமாரியிலிருந்து ஃபேனை எடுத்து மேசையில் வைத்திருந்தார். நீரஜா ஆன்ட்டி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இங்கும் அங்கும் ஆடியது. நேராப் புடிம்மா என்று அக்கா அதட்டுவது உதட்டசைவிலேயே தெரிந்தது. இனிமேல் ஸ்க்ரூடிரைவரை அக்காவின் கையிலிருந்து வாங்கி ஆன்ட்டியின் கையில் கொடுக்க வேண்டுமாம். அதை நான் செய்ய வேண்டுமாம். கிளம்புவதென்று மனசு அங்கேயே முடிவு கட்டிவிட்டது. வாய் மட்டும் பாக்கி.

"கமிட்டில யாராவது மிக்ஸி ஓட்டுறாங்களா சார்?"

"உங்களுக்குக் கோபம் ஜாஸ்திம்மா."

"ஆமா சார்."

காபியைக் குடித்து முடித்தேன். நல்ல காபி, அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஹாலுக்கு வந்து, சீரிஸ் பல்பு பலகையின் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். விஷயத்தை இரண்டு வரியில் சொன்னேன். தேவானை அக்கா கழற்றிய ஸ்க்ரூவையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எங்க பிளாக்குல மாடிப்படிக்குக் கீழ எடம் கீது. பிளக் பாயிண்டும் கீது. இன்னிக்கே வரியா?"

வருகிறேன் என்றேன். அன்வரி பேகம் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நீரஜா ஆன்ட்டி டார்ச்சை அணைக்காமலே நின்றார்.

"நானும் வரலாமா, தேவானை?"

"வாம்மா, இன்னா. சேரு மட்டும் கெடையாது."

"எனக்கு முட்டி மடங்காதே."

"ஒரு கொடத்தக் கவுத்து வைக்கறேன், ராணி மாதிரி குந்து."

ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். வாட்ஸ்அப் குழுவில் இதை எப்படி எழுதுவது என்று மதுவந்தி கேட்டாள். இடம் மாறியிருக்கிறது, மிக்ஸி ஓட்டுகிறவர்கள் வரவும் என்று எழுதச் சொன்னேன். அவள் கை ஒரு நொடி தயங்கியது. அப்புறம் எழுதினாள்.

ஸ்ரீரங்கன் சார் வாசல்வரை வந்தார். இன்றைக்கு மட்டும் இங்கேயே முடித்துவிட்டுப் போகலாமே, எல்லாம் தயாராக இருக்கிறதே என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தார். நன்றி சார் என்று சொன்னேன், நிஜமாகவேதான் சொன்னேன். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேவானை அக்காவின் ஃபேன் ஸ்டாண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, படி இறங்கி கேட்டுக்கு வெளியே நடந்தேன்.