நான்காவது பெட்டி

நான்காவது பெட்டி மறுபடியும் கழன்றுவிட்டது.

"சனியனே!" என்றார் பல் டாக்டர். எஞ்சினுக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போய்விட்டது. மிச்சம் ஆறு பெட்டிகள் பாலத்தின் மேல் அம்போவென்று நின்றன. டாக்டர் விசையை அணைப்பதற்குள் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நின்றிருந்த பெட்டிகளின் முதுகில் டொம்மென்று மோதியது. கடைசிப் பெட்டி மேஜையிலிருந்து தரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஏங்க, இன்னைக்கு எத்தனை பேரு செத்தாங்க?" என்று சாப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது.

அது டாக்டரின் மனைவி. தெருவில் எல்லாருக்கும் அவர் டெய்லரம்மா. டாக்டரின் பொம்மை ரயில் ஓர் அறை முழுக்க மேஜை போட்டுப் படுத்திருக்க, டெய்லரம்மாவின் தையல் மெஷின் மட்டும் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் ஒண்டிக்குடித்தனம் நடத்தியது. இப்போது பள்ளிக்கூடச் சீருடை நாற்பது தைக்க வேண்டும். மூன்று வேளையும் சாப்பிடுவதற்கு முன் கை, காலர், பை எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலில் போட வேண்டும். சாப்பிட்டதும் திரும்ப அள்ளி வர வேண்டும். போன வாரம் டாக்டரின் தட்டில் ஒரு குண்டூசி கிடந்தது. அன்றைக்குத்தான் சண்டை வெடித்தது.

"ரயிலுக்கு ரூம் வேணும்னு சொல்றீங்க. சரி. ஆனா ரயில்னா ஓடணும்ல? ஓடாத ரயிலுக்கு எதுக்குங்க ரூம்? அலமாரி போதுமே!" என்றார் டெய்லரம்மா. டாக்டர் வீராப்பாக ஏதோ சொல்லப்போக, பேச்சு பந்தயத்தில் போய் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டெய்லரம்மாவின் அண்ணன் வருகிறார். அவர் நிஜ ரயிலில் டிரைவர், நடுவர் அவர்தான். ஒன்பது பெட்டிகளோடு பத்துச் சுற்று. கழலாமல் ஓடினால் டெய்லரம்மா அறையைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டார். கழன்றால் அன்று சாயங்காலமே மெஷின் உள்ளே, ரயில் வெளியே.

இந்தப் பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைப்பது கப்ளர் என்கிற கொக்கி. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. மடக்கிய விரல்மாதிரி இருக்கும் இரண்டு கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஏன் பிடி விடுகிறது என்று யாராவது தெரிந்தவரிடம் கேட்டிருக்கலாம். கேட்பாரா? இருபத்தாறு வருஷம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனுஷன். தன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வராது.

வெள்ளிக்கிழமை டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

பல் அடைத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். அடைத்து முடித்ததும் நடுவில் ஒரு நீலத் தாளை வைத்து, "கடிங்க" என்பார்கள். எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை லேசாக உரசி எடுத்தால் கடி சரியாகிவிடும். டாக்டர் கிளினிக்கிலிருந்து அந்த நீலத் தாளைக் கொண்டுவந்தார். இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். பழக்க தோஷம், "கடிங்க" என்றுகூடச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் கொக்கியின் உள்பக்கத்தில் அழகாக ஒரு நீலப் புள்ளி.

"ஆங், மாட்டிக்கிட்டியா?" என்று டாக்டர் அந்தப் புள்ளியை அரத்தால் ராவினார். மறுபடி தாள், மறுபடி நீலம், மறுபடி அரம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பெட்டிகளின் ஆறு கொக்கிகளும் நீலமே ஒட்டாத அளவுக்கு வழவழவென்று ஆகிவிட்டன. டாக்டர் தன் முதுகில் தானே தட்டிக்கொடுக்காத குறை.

ஓட்டிப் பார்த்தார். முன்பு மூன்று சுற்றுக்கு ஒருமுறை கழன்ற ரயில், இப்போது கிளம்பும்போதே கழன்றது.

சனிக்கிழமை பல் ஒட்டும் சிமெண்டை எடுத்து ஒன்பது பெட்டிகளையும் ஒரேயடியாக ஒட்டினார். கொக்கி கழலவில்லைதான். ஆனால் முதல் வளைவில் வளைய முடியாமல் ஒன்பது பெட்டிகளும் சேர்ந்து ஒரே ஒழுங்காகப் படுத்துக்கொண்டன. மதியம் முழுக்க உட்கார்ந்து சிமெண்டைச் சுரண்டினார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "பசிக்கல" என்றார். அந்த மனுஷனுக்குப் பசிக்கவில்லை என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டிரைவர் அண்ணன் வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கைகளை அதன் முதுகில் வைத்து உட்கார்ந்தார்.

"ம், பச்சைக் கொடி காட்டியாச்சு. எடுங்க மாப்ளே."

எஞ்சின் கிளம்பியது. நான்காவது பெட்டி கிளம்பவில்லை.

அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "அரைச் சுத்துகூட வரலையே மாப்ளே! ரூம் உனக்குத்தான்மா. இன்னொரு தடவை வேணும்னாலும் ஓட்டச் சொல்லு, எனக்குப் பொழுது போகும்." அதோடு விட்டிருந்தால் அறை அன்றைக்கே கைமாறியிருக்கும். மனுஷனுக்கு நாக்கு அடங்கவில்லை. "பல்லைப் பிடுங்கி எறியிற கை இது. இதுக்குப் போய்ப் பூட்டத் தெரியுமா? வீட்ல ஒரு வேலைக்கும் ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

டாக்டர் தலை குனிந்துகொண்டார். அதைப் பார்த்த டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, அவரை நான் சொல்லலாம். நீங்க சொல்லாதீங்க" என்றவர், விறுவிறுவென்று வந்து நான்காவது பெட்டியைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதை யாரு ராவினது?"

டாக்டர் நீலத் தாள் கதையைச் சொன்னார். டெய்லரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! பல்லு இடிச்சா வலிக்கும், உரசலாம். கொக்கி இடிச்சாத்தாங்க பிடிக்கும்! பிடிக்கிற இடத்தைப் பாத்துப் பாத்து உரசி வச்சிருக்கீங்களே! பாவாடைக்கு வைக்கிற கொக்கியை இப்படி ராவிக் குடுத்தா எனக்கு அடுத்த நாள் அடி விழும்." பிறகு முட்டி போட்டு, கண்ணைத் தண்டவாளத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். இருபது வருஷமாகத் துணி ஓரத்தைப் பார்த்த கண் அது. "அதுவும் இல்லாம, நாலாவதோட கொக்கி ஒரு நூல் கீழ இறங்கியிருக்கு. மூணாவது அதுக்கு மேல ஏறி நழுவிடுது. வேற கொக்கி இருக்கா?"

இருந்தது. ஒரு டப்பா நிறைய இருந்தது. டாக்டர் ஓடிப் போய் எடுத்து வந்தார்.

"ஏம்மா, இது ஓடிட்டா ரூம் அவருக்குப் போயிடும். நீ இப்ப யாரு பக்கம்?" என்றார் அண்ணன்.

"நான் ரயில் பக்கம். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

ராவிய ஆறு கொக்கிகளும் போய்ப் புதுசு வந்தது. டெய்லரம்மா, சீருடைக் காலருக்கு வைக்கிற விறைப்பான கேன்வாஸில் சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டி, நடுவில் ஊசியால் துளைத்து, நான்காவது பெட்டிக்கும் அதன் சக்கரச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டிரண்டாகச் செருகித் திருகினார். பெட்டி சரியாக ஒரு நூல் உயர்ந்தது. டாக்டர் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று இரண்டு தடவை திட்டு வாங்கினார்.

"இப்ப ஓட்டுங்க."

ஒரு சுற்று. இரண்டு. பாலம், வளைவு, நேர்ப்பாதை. மூன்று. நான்கு. ஒன்பது பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவாமல் போயின. மூன்று சுற்றுக்கு மேல் கழலாமல் ஓடி டாக்டர் பார்த்ததே இல்லை.  ஐந்தாவது சுற்றில்தான் டெய்லரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் கதவுக்கு வெளியே, சாப்பாட்டு மேஜையில் குவிந்து கிடந்த சீருடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டியில் தரையின் தூசி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. இவள் ஜெயித்துவிட்டிருந்தாளே! ஜெயித்த அறையைத் தன் கையாலேயே பூட்டி எனக்குக் கொடுத்துவிட்டாளே! டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஏழாவது சுற்றில் விசையைச் சடாரென்று திருகினார். எஞ்சின் வெடுக்கென்று இழுத்தது. ஒன்றும் கழலவில்லை. எட்டாவது சுற்றில் தெரியாமல் இடித்ததுபோல் இடுப்பால் மேஜையை ஒரு இடி இடித்தார். சிக்னல் கம்பம் சாய்ந்தது, ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை மல்லாந்தது, ரயில் போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாவது சுற்றில் வேறு வழியில்லாமல் கையை நீட்டி நான்காவது பெட்டியையே தூக்கிவிட்டார்.

"அடடா, கழண்டுடுச்சு! பாத்தீங்கல்ல மச்சான்? நான் தோத்துட்டேன்."

"கையால தூக்கிட்டு என்ன மாப்ளே..." என்று அண்ணன் ஆரம்பிப்பதற்குள் டெய்லரம்மா பொரிந்து தள்ளிவிட்டார்.

"என்னது, கழண்டுடுச்சா? நான் போட்ட கொக்கி கழண்டுடுச்சுன்னு சொல்றீங்களா? எனக்கு ரூம் வேணும். ஆனா என் கைவேலை மேல பழியைப் போட்டு எனக்கு ரூம் வேண்டாம். வைங்க அதைத் திருப்பி! முதல்ல இருந்து பத்து சுத்து. கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்குங்க!"

டாக்டர் பெட்டியை வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். விசையை டெய்லரம்மா திருப்பினார். அண்ணன் உரக்க எண்ணினார். பத்துச் சுற்றும் ஒரு பிசிறு இல்லாமல் முடிந்தன.

"ரூம் மாப்ளைக்கு" என்றார் அண்ணன். டெய்லரம்மா கொக்கி டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.

"மச்சான், இப்ப இந்த ரூம் என்னோடதுதானே?" என்றார் டாக்டர்.

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப என் ரூமை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்." மனைவி பக்கம் திரும்பினார். "இந்தா, நீ எடுத்துக்க."

டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கியது, கோபமும் வந்தது.

"இதைப் போன வாரமே சொல்றதுக்கு வாய் வரலையா உங்களுக்கு? நான் முட்டி தேய உக்காந்து அத்தனையும் பூட்டினதுக்கு அப்புறம்தான் வரணுமா?" என்றவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாங்க. அண்ணே, மெஷினோட அந்தப் பக்கம் பிடிங்க. இவர் மனசு மாறுறதுக்குள்ள உள்ள கொண்டுவந்துடணும்."

"ரயிலை நிறுத்த வேண்டாமா?" என்றார் அண்ணன்.

"மெஷின் வாசலுக்கு வர்றவரைக்கும் ஓடட்டும், பாவம்" என்றார் டெய்லரம்மா.

ஒன்பது பெட்டிகளும் கழலாமல் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தன. டாக்டர் மெஷினின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்.